குழாயம்மாவின் கண்

அந்த அம்மாவுக்குப் படப்பிடிப்புத் தளங்களில் ஒரு பட்டப்பெயர் உண்டு: குழாயம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். நேரே பார்த்தால் 'அம்மா' தான், அதுவும் எழுந்து நின்றுகொண்டு. முதுகுக்குப் பின்னால்தான், "குழாயம்மா வந்தாச்சா? அப்போ லைட்டைப் போடு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்பார்கள். திருகினால் கொட்டும், மூடினால் நிற்கும், அதனால் குழாய். இது அவள் காதுக்கும் வராமல் இல்லை. வசவு என்று எடுத்துக்கொள்வதா, பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்பது முப்பத்து நான்கு வருஷமாக அவளுக்கே பிடிபடவில்லை.

குழாய் ஆன கதை ஒரு தனிக் கூத்து. இருபத்தேழு வயதில், கதாநாயகியின் தோழியாக நாலு வரி வசனம் பேசப் போனவள் அவள். கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்க வேண்டிய மூத்த நடிகை அன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். செட் போட்டாகிவிட்டது, கதாநாயகனும் அன்று ஒரு நாள்தான் இருப்பான். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ இங்க வா" என்றார். தலையில் வெள்ளையைப் பூசி, கன்னத்தில் இரண்டு கோடு இழுத்து, கட்டிலில் உட்கார வைத்தார்கள். அவளைவிட நாலு வயது மூத்த ஆம்பளை ஓடி வந்து மடியில் விழுந்து "அம்மா!" என்று கதறினான். அடக் கொடுமையே! வந்த அவமானத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரே டேக். லைட்மேன் முதற்கொண்டு கைதட்டினார்கள். அவள் எதற்கு அழுதாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதோடு சரி. ஒரு தடவை தலையில் வெள்ளை பூசினால் அப்புறம் எத்தனை ஷாம்பு போட்டாலும் சினிமாவில் அது போகாது. தோழி வேஷம் போச்சு, அக்கா வேஷம் போச்சு, அம்மா மட்டும் நின்றது. ஜெயிலுக்குப் போகிற மகன், ஜெயிலில் இருந்து வருகிற மகன், குத்துப்பட்டுச் சாகிற மகன், செத்துவிட்டான் என்று நினைத்து இடைவேளைக்குப் பிறகு திரும்பி வருகிற மகன், இத்தனை பேருக்கும் அழுது தீர்த்தாள். அந்த முதல் கதாநாயகனுக்குக் கடைசியாக அம்மாவாக நடித்தபோது அவனுக்கு வயது ஐம்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்து நான்கு. அவன் தலைக்குக் கறுப்பு, அவள் தலைக்கு வெள்ளை. ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பூசிக்கொண்டார்கள்.

அம்மா வேஷக்காரிக்குத் தொழிலில் இரண்டு பாடம் முக்கியம். முதலாவது, லைட் வாங்குவது. எங்கே வெளிச்சம் விழுகிறதோ அதை முகம் தானாகத் தேடிப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இருட்டில் நின்று எவ்வளவு அழுதாலும் அது யாருக்கும் போய்ச் சேராது. இரண்டாவது, கூட நிற்கிறவரை மறைக்காமல் இருப்பது. பின்னால் நிற்கிற நடிகரின் முகத்தை உன் தோள் மறைத்தால் டைரக்டர் தொண்டை கிழியக் கத்துவார். முதல் ஐந்து வருஷம் அவளும் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கேமரா எங்கே இருந்தாலும் அவள் கால் அரை அடி தானாக நகர்ந்து வழிவிட்டுவிடும். மூளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் இருந்த மனுஷன் சினிமாவுக்குச் சம்பந்தமே இல்லாதவர். லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களில் நடுவழியில் மாட்டிக்கொள்கிறவர்களை இறக்கிவிடுகிற வேலை. மனைவி நடித்த படம் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்தது கிடையாது. கேட்டால், "நீ அழுறத டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கணுமா? வீட்டுலயே ஓசியில கிடைக்குது" என்பார். அவளுக்குக் கோபம் வரும். வந்த கோபத்தை அவர் இன்னொரு நக்கலால் சிரிப்பாக்கிவிடுவார். ஒரே மகள். பாப்பா என்று கூப்பிட்டே பழகி, முப்பத்தொரு வயதிலும் அவள் பாப்பாதான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை, தனியாக ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவோடு சேர்ந்துகொண்டு அம்மாவைக் கிண்டல் செய்துவிட்டுப் போவாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மனுஷன் நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியின் பக்கவாசல் வழியாக ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார்கள். அவள் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பா அவளுக்குப் பின்னால் நின்றாள். எவனோ ஒரு புண்ணியவான், நோயாளியைப் பார்க்க வந்தவனாம், அடையாளம் தெரிந்துகொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தான். அவ்வளவுதான். வாசல் விளக்கு இருந்த பக்கம் அவள் முகம் நிமிர்ந்தது. இடது கால் அரை அடி நகர்ந்தது. முப்பத்தெட்டு விநாடி வீடியோ. அதில் அவள் கண்ணில் ஒரு சொட்டு கிடையாது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'காசுக்கு குடம் குடமா அழுதவ கட்டின புருஷனுக்கு ஒரு சொட்டு விடல.' 'எப்படி போஸ் குடுக்குது பாருங்க.' 'சார், இந்த டேக் ஓகேவா?' ஒரே நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. அவள் முப்பத்து நான்கு வருஷம் அழுததைப் பார்த்தவர்களைவிட அந்த ஒரு நாள் அழாததைப் பார்த்தவர்கள் அதிகம். ஊர் போகட்டும், அதற்குத் தோல் தடித்துப் பல வருஷம் ஆயிற்று. மூன்றாம் நாள் பாப்பா போன் பண்ணினாள்.

"நான் நாலு வயசுல இருந்து செட்டுல வளர்ந்தவ. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு நீ லைட் வாங்கின. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பதில் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டது. அதற்கப்புறம் எடுக்கப்படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. அவள் தினமும் மத்தியானம் 'சாப்பிட்டியா' என்று ஒரு செய்தி அனுப்புவாள். பார்த்ததற்கான நீலக் கோடு விழும். பதில் வராது. தொண்ணூறு 'சாப்பிட்டியா' வரிசையாக ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடந்ததைத் தள்ளிப் பார்த்தபோது அவளுக்கே தன்மேல் பரிதாபம் வந்தது.

அவள் ஏன் சொல்லிப் புரியவைக்கவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அழுகை நின்றுபோய் ஆறேழு வருஷம் ஆயிற்று. முதலில் கிளிசரின் இல்லாமல் வரவில்லை. அப்புறம் கிளிசரின் போட்டாலும் எரிச்சல் வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை. மேக்கப்காரர் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். ஷாட்டுக்கு முன்னால் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு மருந்து விட்டு அனுப்புவார். "ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று அவரும் நூறு தடவை சொல்லிவிட்டார். "வாயை மூடுங்க, வெளிய தெரிஞ்சா என் பொழப்புல மண்ணு" என்று அடக்கிவிட்டாள். டாக்டரிடம் போகாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அப்போது காய்ந்துபோனது கண் இல்லை, மனசு என்றல்லவா ஆகும்? இல்லாத மகன்களுக்கு அழுது அழுது உள்ளே இருந்ததெல்லாம் தீர்ந்துபோய், கட்டினவருக்கு என்று ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காமல் போனோமோ என்று அவள் பயந்தாள். பாப்பா சொன்னதில் அவளுக்குப் பாதி நம்பிக்கை இருந்தது. அதனால்தான் வாய் திறக்கவில்லை.

தொண்ணூற்றொன்றாம் நாள் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு திறக்க மாட்டாள். கடைக்குப் போனால் என்ன செய்வாள்? கண் எரிகிறது என்று வருகிறவளை விரட்ட முடியுமா? காலை பதினொரு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடை முழுக்க நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே அவளை முறைத்துப் பார்த்தாள். கவுன்டரில் இருந்த பெண், "டெஸ்ட்டாம்மா? பேரு சொல்லுங்க" என்று நிமிர்ந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, நீங்களா! எங்கம்மா உங்க படம் பார்த்தா ரெண்டு நாளைக்கு மூக்கைச் சிந்திக்கிட்டே இருப்பாங்க. ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டுமா?" என்று போனை எடுத்தாள். எடுத்த பிறகு வீடியோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகி, "அப்புறமா எடுத்துக்கிறேம்மா" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, டோக்கன் பதினாலை நீட்டினாள். உள்ளே பரிசோதிக்கிறவள் இவளுடைய மகள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பாப்பா சொல்லியிருக்கவில்லை. அது கொஞ்சம் சுருக்கென்று தைத்தது.

பதினாலு என்று கூப்பிட்டபோது அவள் எழுந்து போனாள். சின்ன அறை. ஒரு உயரமான நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, முகவாயை வைக்கிற ஒரு கருவி. பாப்பா ஏதோ எழுதிக்கொண்டே, "உட்காருங்க" என்றாள். நிமிர்ந்து பார்த்தாள். பேனா அப்படியே நின்றது.

"இங்க எதுக்கு வந்த?" என்று கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, கடைக்காரிக் குரலில், "என்ன தொந்தரவு?" என்றாள்.

"கண்ணு எரியுது."

"எத்தனை நாளா?"

"நாள் இல்ல. ஆறேழு வருஷமா."

பாப்பா நெற்றியைச் சுருக்கினாள். பொய் என்று நினைத்திருப்பாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவள் அப்பா மாதிரி; மாட்டிக்கொண்டிருப்பவன் எதிரியாக இருந்தாலும் முதலில் லிஃப்டை இறக்குவாள். "முகவாயை இதுல வைங்க. நெத்தியை ஒட்டுங்க" என்றாள். அந்தப் பக்கம் பாப்பா கண்ணை வைத்துப் பார்த்தாள். நாலு விரல் இடைவெளியில் மகளின் முகம். மூச்சில் காப்பி வாசனை. மூன்று மாதத்தில் இவ்வளவு கிட்டத்தில் வந்தது இதுதான். இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவன் நல்லா இருக்கணும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பாப்பா வலது கண்ணைப் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். திரும்பவும் வலது கண்ணுக்கு வந்தாள். குரல் மாறியது.

"என்ன போடுற கண்ணுல?"

'போடுறீங்க' போய் 'போடுற' வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. "கிளிசரின்தான். வேற என்ன போடுவாங்க எங்களுக்கு? நடுவுல ஒரு மூணு வருஷம் பச்சைக் கற்பூரம் மாதிரி ஏதோ ஒரு களிம்பு வந்துச்சு. கீழ் இமையில தடவுனா உசிரு போற மாதிரி எரியும். ஆனா நல்லா கொட்டும்."

"தண்ணி வருதா?"

"எப்போ?"

"எப்பவாவது. வெங்காயம் நறுக்கும்போது. கொட்டாவி விடும்போது."

"வரல."

பாப்பா இழுப்பறையைத் திறந்து ஒரு உறையைக் கிழித்தாள். உள்ளே சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத இரண்டு காகிதப் பட்டைகள், கோடு கோடாக அளவு போட்டு. நுனியை மடித்து, கீழ் இமையை இழுத்து, கண்ணின் ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டினாள். இன்னொன்றை இன்னொரு கண்ணில். "கண்ணை மூடிக்கோ. அஞ்சு நிமிஷம். கண்ணுல ஊறுற தண்ணி இந்தப் பேப்பர்ல இறங்கும். எவ்வளவு தூரம் நனையுதுன்னு பார்க்கணும். பேசலாம், தலையை ஆட்டாத."

இரண்டு கண்ணிலும் காகிதம் தொங்க அவள் உட்கார்ந்திருந்தாள். பார்க்க எப்படி இருந்திருக்கும்! இந்தக் கோலத்தை எவனும் வீடியோ எடுக்கவில்லையே என்று தோன்றியது. கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. மகள் எழுந்து போகவில்லை. போகவும் முடியாது, நேரம் பார்க்க வேண்டுமே. கிடைத்தது ஐந்து நிமிஷம். இதற்குள் சொல்லாவிட்டால் அப்புறம் எந்த ஜென்மத்தில் சொல்வது?

"பாப்பா, அன்னைக்கு நான் லைட் வாங்கினேன்."

காகித உறையைக் கசக்குகிற சத்தம் கேட்டது.

"இல்லன்னு சொல்ல வரல. வாங்கினேன். அவன் போனைத் தூக்கினான், எனக்கு அவன் மூஞ்சிகூட தெரியல, ஆனா என் மூஞ்சி தானா திரும்பிடுச்சு. காலும் நகர்ந்துடுச்சு. பழக்கதோஷம். உங்கப்பா தூங்கும்போது கையில ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி விரலை முறுக்குவாரே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி. வெட்கக்கேடுதான். அதுக்காக உன் கால்ல வேணா விழறேன்."

"தலையை ஆட்டாதன்னு சொன்னேன்."

"ஆட்டல. ஆனா கண்ணீர் வராததுக்கு நான் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அவர் மேல எனக்குப் பாசம் இல்லையோன்னு நானே ராத்திரி பகலா யோசிக்கிறேன். முப்பத்து ரெண்டு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவரு. காலைல எழுந்தா இப்பவும் ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன். ஆனா அழுகை வரமாட்டேங்குது. நான் கெட்டவளா பாப்பா?"

அதைக் கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வசனம் பேசியிருக்கிறாள். எழுதிக்கொடுக்காமல் பேசின நீளமான வசனம் இதுதான்.

"டைம் ஆச்சு" என்றாள் பாப்பா. காகிதங்களை மெல்ல எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "பதினஞ்சு கோடு நனைஞ்சா சரியா இருக்குன்னு அர்த்தம். அஞ்சுக்குக் கீழ போனா மோசம். உனக்கு வலதுல ரெண்டு. இடதுல ஒண்ணு." காகிதத்தைக் கீழே வைத்தாள். "அம்மா, உன் கண்ணுல தண்ணியே ஊறல. வயசோ, நீ போட்ட கண்டதும் கடியதுமோ, ரெண்டும் சேர்ந்தோ தெரியல. பெரிய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். நீ அழணும்னு நினைச்சாலும் உன்னால அழ முடியாது."

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் நெஞ்சில் இருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. கண்தான்! மனசு இல்லை, கண்தான்! நோய் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட நோயாளியை அந்த நாற்காலி பார்த்திருக்காது.

பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நான் இப்போ நம்புறேம்மா. இந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்துப் போடுவோம். பேசினவனுங்க அத்தனை பேர் வாயும் அடைஞ்சிடும்."

இதற்காகத்தான் வந்தாள். தொண்ணூறு நாள் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தாள். ஆனால் கேட்டதும் என்ன ஆயிற்றோ, சுர்ரென்று கோபம் உச்சிக்கு ஏறியது. கையை உதறிக்கொண்டாள்.

"இப்போ நம்புறியா? பேப்பர் சொன்னா நம்புவ, பெத்தவ சொன்னா நம்ப மாட்ட? அளந்து பார்த்து வாங்குறதுக்கு நான் என்ன பால் ஊத்துறவளா? ரெண்டு கோடுன்னு வந்துச்சு, பிழைச்சேன். இருபது கோடுன்னு வந்திருந்தா? அப்போ நான் புருஷனுக்கு அழாத பாதகிதானே?"

"அம்மா, அப்படி இல்ல..."

"வேற எப்படி? ஊர் பேசட்டும். ஊருக்கு நான் யாரு, சினிமாக்காரி. டிக்கெட் வாங்கினான், பேசுறான். நீ யாருடி? நான் அழுதா நிஜமா பொய்யான்னு நாலு வயசுலயே கண்டுபிடிப்பியே! கன்னத்துல கிளிசரின் பிசுபிசுப்பு இருந்தா 'அம்மா சும்மா அழுது'ன்னு லைட்மேன்கிட்ட போய்ச் சொல்லுவியே! அந்தப் பாப்பாவுக்கு என்ன ஆச்சு? போட்டோவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அதை வெளிய போட்டா நாளையில இருந்து என்னை எவன் கூப்பிடுவான்? நான் வர்றேன்."

தான் பாதி தன்னையே நம்பாமல் இருந்தது வேறு விஷயம். அதைச் சொல்ல அது நேரம் இல்லை. அவள் கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவின் பிடியில் கை வைத்தபோது பின்னால் இருந்து குரல் வந்தது.

"நான் உன் மேல கோபப்பட்டது அதுக்கு இல்லம்மா."

திரும்பினாள். பாப்பா தன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"நீ லைட் வாங்கினதுகூட எனக்குப் பெரிசா தெரியல. பொய் சொன்னேன். நீ நகர்ந்த பாரு, அதுதான். நீ எனக்கு முன்னாடி நின்ன. உன் முதுகுக்குப் பின்னாடி நான் இருந்தேன், யாருக்கும் தெரியாம. நீ அரை அடி நகர்ந்த. நான் தெரிஞ்சிட்டேன்."

"மறைக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள் அம்மா.

"தெரியும். கூட நிக்கிறவங்களை மறைக்கக் கூடாது. ரெண்டாயிரம் பேர் உன்னைத் திட்டினாங்க. எல்லாத்தையும் படிச்சேன். ஒரே ஒருத்தன் என்னைப் பத்தி எழுதியிருந்தான். 'பின்னாடி நிக்கிற பொண்ணு யாரு, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குதே'ன்னு." பாப்பா காகிதத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். "எனக்கும் அன்னைக்கு வரலம்மா. ஒரு சொட்டு வரல. அப்புறமும் வரல. அப்பா போனதுக்கப்புறம் வேலைக்கு வந்த முதல் நாளே இந்த நாற்காலியில உட்கார்ந்து நானே பேப்பரை மாட்டிப் பார்த்தேன். ஏதாவது கோளாறு இருக்கும்னு எவ்வளவு ஆசையா உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? இருபத்திரண்டு கோடு, ரெண்டு கண்ணுலயும். எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. நான் நல்லா இருக்கேன்."

அம்மா கதவை விட்டுவிட்டு வந்தாள். இந்த மாதிரி இடத்தில் அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். மகனைக் கட்டிப்பிடித்து முகத்தை நிமிர்த்திச் சொல்கிற ஒரு பக்க வசனம் குறைந்தது நாற்பதாவது இருக்கும். ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தாலும் பிரயோஜனம் இல்லை, எல்லாம் மகன்களுக்கு எழுதினது.

முக்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "இத பாருடி" என்றாள். "நான் படத்துல அழுத அழுகையில முக்கால்வாசி நேரம் எனக்கு உள்ள ஒண்ணுமே இருக்காது. சாப்பாட்டு வண்டி வந்தாச்சான்னு யோசிச்சுக்கிட்டே தாரை தாரையா விட்டிருக்கேன். பார்த்தவங்க எல்லாம் அழுதாங்க. அப்போ அந்தக் கண்ணீருக்கு என்ன அர்த்தம்? ஒண்ணும் கிடையாது. இருந்தா மட்டும் அர்த்தம் இல்லாதது, இல்லைன்னா மட்டும் எங்க இருந்துடி அர்த்தம் வரும்? இதை டாக்டர் சொல்ல முடியாது, நான் சொல்றேன். உலகத்துலயே இது தெரிஞ்சவ நான்தான்."

பாப்பா முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா மட்டும் இப்போ இருந்தாருன்னா என்ன சொல்லியிருப்பாரு? நாலு நாள் படுத்துக் கிடந்து, மெனக்கெட்டு செத்தும் போயிருக்கேன், ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து ஒரு சொட்டு தேத்தலியேன்னு கேட்டிருப்பாரு."

அது அவர் குரலேதான். அவர் வாயைக் கோணுகிற அதே கோணல். முப்பத்து ரெண்டு வருஷம் கூட இருந்து பார்த்த நடிகை அல்லவா, அவளை அறியாமலே அச்சு அசலாக வந்துவிட்டது. பாப்பாவுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்த பாப்பா நடுவில் "அப்பா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். தோள் குலுங்கியது.

வெளியே கவுன்டர் பெண் கதவைத் தட்டி, பதினஞ்சாம் டோக்கன் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "இருக்கச் சொல்லும்மா, கொஞ்ச நேரம் ஆகும்" என்று குழாயம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். மகளின் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மூன்று மாதத்துக் கண்ணீர் மொத்தமும் அவள் மடியை நனைத்தது. அவளுக்குக் கண் எரிந்தது. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.